பெயர் மாறும் நஞ்சு: காரின் உள்ளறையும் தில்லி கற்ற பாடமும்

2024ஆம் ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தில்லி முதன்மை அமர்வு, மனுதாரர் எவரும் இல்லாத ஒரு வழக்கைக் கையில் எடுத்தது. வழக்கின் அடிப்படை ஒரு செய்தி. கார்களுக்குள் அமர்ந்திருப்போர் புற்றுநோய்க்கு இட்டுச்செல்லக்கூடிய வேதிப்பொருள்களைச் சுவாசிக்கின்றனர் என்று அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டறிந்ததாக அச்செய்தி கூறியது. தலைவர் நீதிபதி பிரகாஷ் ஸ்ரீவஸ்தவா தலைமையிலான அமர்வு, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உள்ளிட்ட அமைப்புகளிடம் விளக்கம் கேட்டது. செய்தித்தாளை வைத்துத் தானாக முன்வந்து வழக்கெடுக்கும் அதிகாரம் இத்தீர்ப்பாயத்துக்கு உண்டா என்ற ஐயம், 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால்தான் நீங்கியிருந்தது.

ஆய்வகத்தில் கிடைத்த ஓர் எண் எவ்வாறு மக்களின் பேச்சாகிறது? அந்தப் பேச்சு எவ்வாறு சட்டமாகிறது? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடத் தில்லி மிகப் பொருத்தமான நகரம். வாகனப் புகை, குளிர்பானம், பொம்மை, வண்ணப்பூச்சு என்று நான்கு முறை இந்நகரில் ஓர் ஆய்வறிக்கை அரசை அசைத்திருக்கிறது. கார் இருக்கையின் கதை இந்த வரிசையில் ஐந்தாவது. முந்தைய நான்கையும் நினைவில் கொண்டு பார்த்தால்தான், ஐந்தாவதில் எது இருக்கிறது, எது இல்லை என்பது விளங்கும்.

இருக்கைக்குள் இருப்பது என்ன?

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெபேக்கா ஹோன், கிரீன் சயின்ஸ் பாலிசி இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த லிடியா ஜால் உள்ளிட்டோர் நடத்திய அந்த ஆய்வு, 2024 மே மாதம் 'என்விரான்மென்டல் சயின்ஸ் அண்ட் டெக்னாலஜி' இதழில் வெளிவந்தது. முப்பது மாநிலங்களைச் சேர்ந்த 101 கார்கள் ஆராயப்பட்டன. அனைத்தும் 2015ஆம் ஆண்டு மாடலோ அதற்குப் பிந்தையவையோ ஆகும். உரிமையாளர்கள் பின்நோக்குக் கண்ணாடியில் ஒரு சிலிக்கோன் பட்டையை ஒரு வாரம் தொங்கவிட்டனர். காற்றில் உள்ள வேதிப்பொருள்களை அப்பட்டை உள்வாங்கிக்கொள்ளும். 99 விழுக்காட்டு வண்டிகளில் டி.சி.ஐ.பி.பி. என்னும் பொருள் இருந்தது. குளிர்காலத்தைக் காட்டிலும் கோடையில் இதன் செறிவு இரண்டு முதல் ஐந்து மடங்கு கூடுதல். புற்றுநோய் ஆபத்துள்ளவை என்று கலிபோர்னியா மாநிலம் பட்டியலிட்டிருக்கும் டி.டி.சி.ஐ.பி.பி., டி.சி.இ.பி. ஆகிய இரண்டும் பெரும்பாலான வண்டிகளில் காணப்பட்டன.

இவை எங்கிருந்து வருகின்றன? இருக்கையின் துணிக்கு அடியில் உள்ள பாலியூரித்தேன் நுரைமெத்தையிலிருந்து. நம் பேச்சில் ஃபோம் என்பதுதான் அது. தீ எளிதில் பரவாமல் இருப்பதற்காக இவ்வேதிப்பொருள்கள் நுரையில் கலக்கப்படுகின்றன. அவை நுரையின் மூலக்கூறுகளோடு பிணைவதில்லை. இடைவெளிகளில் தங்கியிருக்கின்றன, அவ்வளவே. வெப்பம் கூடும்போது மெல்ல வெளியேறிக் காற்றிலும் தூசியிலும் படிகின்றன. நுரையில் டி.சி.ஐ.பி.பி. இருந்த வண்டிகளின் காற்றில் அதன் அளவும் கூடுதலாக இருந்ததை ஆய்வாளர்கள் ஒப்பிட்டுக் காட்டினர்.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். புதிய கார் வாங்கியவர் கதவைத் திறந்ததும் நுகரும் மணத்தைப் 'புது வண்டி வாசனை' என்று மகிழ்ச்சியோடு சொல்வது வழக்கம். பிளாஸ்டிக், பசை, தோலுறை ஆகியவற்றிலிருந்து விரைவில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களின் மணம் அது. சில மாதங்களில் குறைந்துவிடும். தீத்தடுப்பு வேதிப்பொருள்களோ மெதுவாக வெளியேறுபவை. மூக்கு அவற்றை அறிந்து எச்சரிப்பதில்லை. வாசனை போய்விட்டது என்பதால் வண்டிக்குள் காற்று தூய்மையாகிவிட்டது என்று பொருளில்லை.

குழந்தைகளின் நிலை தனி. உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தை பெரியவரைவிட அதிகக் காற்றைச் சுவாசிக்கிறது. கையை வாயில் வைப்பதால் தூசியும் அதன் உடலுக்குள் போகிறது. குழந்தை இருக்கையில் கட்டப்பட்டிருக்கும் சிசுவின் முகமோ நுரைக்கு மிக அருகில் இருக்கிறது.

ஒரு நஞ்சின் இடப்பெயர்ச்சி

டி.டி.சி.ஐ.பி.பி. அண்மையில் தோன்றிய பொருளன்று. அதன் வரலாறு குழந்தைகளின் இரவு உடையில் தொடங்குகிறது. 1970களின் முற்பகுதியில் அமெரிக்க அரசு, குழந்தைகள் உறங்கும்போது அணியும் உடைகள் எளிதில் தீப்பற்றக் கூடாது என்று விதி செய்தது. உற்பத்தியாளர்கள் புரோமின் கலந்த 'டிரிஸ்' என்னும் வேதிப்பொருளில் துணிகளைத் தோய்த்தனர். ஆர்லின் புளூம், புரூஸ் ஏம்ஸ் என்னும் இரு அறிவியலாளர்கள் 1977இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை, தீத்தடுப்புப் பொருள்கள் புற்றுநோய் ஆபத்தாகலாம் என்று எச்சரித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் அரசு அந்த டிரிஸைக் குழந்தை உடைகளில் தடைசெய்தது. மறு ஆண்டில் வெளிவந்த இன்னொரு கட்டுரை, உடையிலிருந்த பொருளைக் குழந்தைகளின் உடல் உறிஞ்சியிருப்பதைச் சிறுநீர்ப் பரிசோதனையால் நிறுவியது.

தடைக்குப் பின் நடந்ததே இக்கதையின் மையம். புரோமின் இருந்த இடத்தில் குளோரினை வைத்த 'குளோரின் டிரிஸ்' அடுத்து வந்தது. இதுவே டி.டி.சி.ஐ.பி.பி. அதன் மீதும் ஐயம் எழுந்ததால் இரவு உடைகளிலிருந்து அது விலகியது. ஆனால் சந்தையிலிருந்து விலகவில்லை. சோபாக்களின் நுரைக்குள் குடியேறியது. 2011இல் டியூக் பல்கலைக்கழகத்தின் ஹெதர் ஸ்டேப்பிள்டன் குழுவினர், கார் இருக்கைகள் உள்ளிட்ட 101 குழந்தைப் பொருள்களின் நுரையை ஆராய்ந்தபோது, அவற்றில் 80 விழுக்காட்டில் தீத்தடுப்புப் பொருள்கள் இருந்தன. மிக அதிகமாகக் காணப்பட்டது இந்தக் குளோரின் டிரிஸ்தான். குழந்தையின் சட்டையிலிருந்து வெளியேற்றப்பட்ட பொருள், முப்பது ஆண்டுகளில் குழந்தையின் இருக்கைக்கு வந்து சேர்ந்திருந்தது.

காருக்குள் இப்பொருள்கள் நுழைந்த வாயில் ஒரு பாதுகாப்பு விதி. 1972 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அமெரிக்க வாகனத் தரம் 302, வண்டியின் உட்புறப் பொருள்கள் நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் எரியக் கூடாது என்கிறது. சிகரெட்டும் தீக்குச்சியும் காருக்குள் தீயை மூட்டுகின்றன என்ற அச்சத்தில் பிறந்த விதி அது. குழந்தை இருக்கைகளுக்கும் அதே சோதனை விதிக்கப்பட்டது. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் வண்டியின் உட்புறப் பொருள்களுக்குத் தீப்பரவல் தரம் ஒன்றை வகுத்துள்ளது. விதி எந்த வேதிப்பொருளையும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. நுரையைக் கொண்டு சோதனையில் தேற மலிவான வழி அவற்றைக் கலப்பது என்பதால் அவை வந்தன. இன்று அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களின் சங்கமே இவ்விதியைத் திருத்தக் கோருகிறது. தீயை இவை பெரிதாகத் தடுப்பதில்லை, எரியும்போது புகையை மேலும் நச்சாக்குகின்றன என்பது அவர்களின் வாதம்.

இதை அங்கே மக்களிடம் கொண்டுசென்ற முறையும் அறியத்தக்கது. மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் இயங்கும் ஈக்காலஜி சென்டர் என்னும் தன்னார்வ அமைப்பு, 2006இல் கார்களுக்குள் உள்ள வேதிப்பொருள்கள் குறித்து அறிக்கை வெளியிட்டது. அதைத் தொடர்ந்து கையடக்க எக்ஸ் கதிர்க் கருவியால் கார்களின் உட்புறத்தையும் குழந்தை இருக்கைகளையும் சோதித்து, நிறுவனப் பெயரும் மாடலும் குறிப்பிட்டுத் தரவரிசை வெளியிட்டது. வாங்குபவர் தம் வண்டியின் பெயரைத் தேடிப் பார்க்க முடிந்தது. தாழ்ந்த இடம் பெற்ற நிறுவனம் அடுத்த பட்டியலுக்குள் மேலேற விரும்பியது. கூடுதல் தீத்தடுப்பு வேதிப்பொருள் எதுவும் இல்லாத சிசு இருக்கை ஒன்று 2017இல் விற்பனைக்கு வந்தது. அது நம்பியிருந்தது ஆட்டு ரோமத்தை. கம்பளி இயல்பாகவே எளிதில் தீப்பற்றாது. விதியை மாற்றாமலேயே நஞ்சைத் தவிர்க்க முடியும் என்பதை அந்த ஒரு பொருள் மெய்ப்பித்தது.

தில்லி கற்ற நான்கு பாடங்கள்

தில்லியில் ஆய்வை மக்கள்மொழிக்குக் கொண்டுவந்த முன்னோடி, அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம். அனில் அகர்வால் 1980இல் நிறுவிய இம்மையம், 1996 நவம்பரில் 'ஸ்லோ மர்டர்' என்னும் நூலை வெளியிட்டது. 'மெல்லக் கொல்லல்' என்று அத்தலைப்பைத் தமிழில் சொல்லலாம். வாகனப் புகையைப் பற்றி அதற்கு முன்பும் அறிக்கைகள் இருந்தன, வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1985இல் தொடுத்த வழக்கும் உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. ஆயினும் 'மாசு' என்ற சொல் யாரையும் குற்றம் சாட்டுவதில்லை. 'கொலை' என்ற சொல்லோ கொலையாளியைத் தேடச் செய்கிறது. எரிபொருளின் தரம், இயந்திரத்தின் தரம், பராமரிப்பு, போக்குவரத்துத் திட்டமிடல் என்று பொறுப்பு எங்கெங்கே இருக்கிறது என்பதை நூல் பிரித்துக் காட்டியது. அதே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து தில்லி அரசிடம் செயல்திட்டம் கேட்டது. ஆண்டுக்கு இத்தனை ஆயிரம் அகால மரணங்கள் என்ற மதிப்பீட்டைத் 'தில்லியில் மணிக்கு ஓர் உயிருக்கு மேல்' என்று அம்மையம் மாற்றிச் சொன்னபோது, அட்டவணையில் இருந்த எண் கடிகாரத்துக்கு வந்துவிட்டது.

விளைவுகள் விரைவாகவே வந்தன. 1998 ஜனவரியில் பூரே லால் தலைமையில் சுற்றுச்சூழல் மாசுத் தடுப்பு ஆணையம் அமைந்தது. அதே ஆண்டு ஜூலை 28 அன்று, தில்லிப் பேருந்துகள் அனைத்தும் 2001 மார்ச் 31க்குள் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. கெடு நீண்டது, எனினும் 2002 முடிவதற்குள் மாற்றம் பெரும்பாலும் நிறைவேறியது. ஈயம் கலந்த பெட்ரோல் 1998இல் தில்லியிலிருந்தும், 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதிலிருந்தும் நீங்கியது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குலைக்கும் ஈயத்தை எரிபொருளிலிருந்து அகற்றியது, இந்நாட்டின் பொது நலவாழ்வு வரலாற்றில் ஓசையின்றி நிகழ்ந்த பெருவெற்றி. முதல் பாடம் இதுவே: எண்ணுக்கு மனிதர் உணரும் அளவுகோல் வேண்டும்.

இரண்டாவது பாடம் 2003இல் கிடைத்தது. அதே மையம் தனக்கென அமைத்துக்கொண்ட ஆய்வகத்தில், பிப்ரவரியில் புட்டிக் குடிநீரையும் ஆகஸ்டில் 12 வகைக் குளிர்பானங்களையும் சோதித்து, பூச்சிக்கொல்லி எச்சங்கள் இருப்பதாக அறிவித்தது. பெப்சி, கோக்க-கோலா நிறுவனங்களின் பானங்களில் சராசரி எச்சம் ஐரோப்பிய வரம்பைப் போல முப்பது மடங்குக்கும் மேல் இருந்தது அல்லது அதை ஒட்டி இருந்தது என்று அறிக்கை கூறியது. நிறுவனங்கள் மறுத்தன, ஆய்வகத்தின் தகுதியை வினவின. நாடாளுமன்றம் சரத் பவார் தலைமையில் கூட்டுக்குழுவை அமைத்தது. 2004 பிப்ரவரியில் அக்குழு, பானங்களில் பூச்சிக்கொல்லி எச்சம் இருந்தது என்ற முடிவை ஏற்றுக்கொண்டது. அறிக்கை விற்பனைப் பெயர்களைச் சொன்னதால்தான் மறுப்பு வந்தது. மறுப்பு வந்ததால்தான் மறு ஆய்வு நடந்தது. மறு ஆய்வு நடந்ததால்தான் குளிர்பானத்துக்குப் பூச்சிக்கொல்லி வரம்பே வகுக்கப்படவில்லை என்ற குறை நாட்டுக்குத் தெரிந்தது.

மொழியும் இங்கே துணை நின்றது. தமிழில் 'பூச்சிக்கொல்லி', இந்தியில் 'கீட்நாசக்'. கொல்லுதலும் நாசமும் பெயருக்குள்ளேயே இருக்கின்றன. விளக்கவுரை இல்லாமலே தாய்மார்களுக்குப் பொருள் புரிந்தது. 'தீத்தடுப்பான்' என்ற பெயரைக் கேட்பவருக்கோ காவல் செய்யும் பொருளாகவே அது தோன்றும். டி.சி.ஐ.பி.பி. என்ற எழுத்துக்கோவை எதையுமே உணர்த்தாது. ஒரு நஞ்சு தன் பெயராலேயே மறைந்துகொள்ளும்போது, அதை வெளிக்கொணர்வோரின் வேலை இரட்டிப்பாகிறது.

மூன்றாவதும் நான்காவதும் குழந்தைகளைப் பற்றியவை. தில்லியைச் சேர்ந்த டாக்சிக்ஸ் லிங்க் அமைப்பின் ஆய்வாளர்கள், தில்லி, மும்பை, சென்னைக் கடைகளில் வாங்கிய மென்பிளாஸ்டிக் பொம்மைகளில் ஈயமும் காட்மியமும் இருப்பதைக் கண்டறிந்தனர். 2007இல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் அது கட்டுரையாக வந்தது. 2010 ஜனவரியில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 24 பொம்மைகளைச் சோதித்தது. பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கப்படும் தாலேட்டுகள் அனைத்திலும் இருந்தன. ஏறத்தாழப் பாதிப் பொம்மைகளில் அவை பன்னாட்டு வரம்பைத் தாண்டின. பொம்மைகளுக்கு இந்தியத் தரம் இருந்தது. ஆனால் அதைக் கடைப்பிடிப்பது உற்பத்தியாளரின் விருப்பம் என்றிருந்தது. தரத்தைக் கட்டாயமாக்கும் ஆணை 2020இல் பிறந்து, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

வண்ணப்பூச்சின் கதையும் அவ்வாறே. வீட்டுச் சுவருக்கும் தொட்டிலுக்கும் பூசும் பெயின்டில் ஈயம் மிகுந்திருப்பதை டாக்சிக்ஸ் லிங்க் 2007 முதல் மீண்டும் மீண்டும் அளந்து வெளியிட்டது. பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்தது. பொம்மைக்கு அறிக்கையிலிருந்து ஆணை வரை பதினோர் ஆண்டுகள். பெயின்டுக்குப் பத்து ஆண்டுகள். முதல் அறிக்கை வெளிவந்த ஆண்டில் பிறந்த குழந்தை, விதி வந்தபோது பொம்மையோடு விளையாடும் வயதைக் கடந்திருந்தது. இவ்விரண்டும் கற்பிப்பது: ஒரு முறை சொல்வது போதாது, அதே அளவீட்டை ஆண்டுதோறும் எடுத்து, ஆண்டுதோறும் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது கதையின் குறை

இவ்வளவையும் பார்த்த பின் 2024ஆம் ஆண்டு வழக்குக்குத் திரும்பினால் வேறுபாடு தெளிவாகும். முந்தைய நான்கிலும் அளவீடு இங்கேயே நடந்தது. காற்று தில்லியினுடையது, பானமும் பொம்மையும் பெயின்டும் இந்தியக் கடைகளில் வாங்கியவை. அறிக்கையை எழுதியவர்களை நாடாளுமன்றக் குழு நேரில் அழைக்க முடிந்தது. கார் வழக்கின் எண்களோ அமெரிக்க வண்டிகளில் எடுக்கப்பட்டவை. 'எங்கள் நுரை வேறு, எங்கள் வழங்குநர் வேறு' என்று உற்பத்தியாளர் சொன்னால், அதை ஏற்கவோ மறுக்கவோ அந்த ஆய்வுக்குள் சான்று இல்லை. அந்த அறிக்கையில் இந்திய மாடல் ஒன்றின் பெயரும் இல்லை. பெயர் இல்லாத இடத்தில் மறுப்பும் இல்லை. மறுப்பு இல்லாத இடத்தில் மறு ஆய்வும் இல்லை.

ஆனால் காரணகாரியம் நாட்டெல்லையில் நிற்பதில்லை. வெப்பம் கூடினால் வெளியேற்றமும் கூடும் என்பது அந்த ஆய்வின் உறுதியான முடிவுகளுள் ஒன்று. மே மாதத் தில்லியில் நண்பகல் வெயில் நாற்பது டிகிரி செல்சியஸைத் தொடுவது இயல்பு. வெயிலில் நிறுத்தி மூடிய வண்டிக்குள் வெப்பம் அதற்கும் மிக மேலே போகும். ஆய்வாளர்கள் கூறும் எளிய அறிவுரைகள் நிழலில் நிறுத்துவதும் கண்ணாடியை இறக்கிக் காற்றை மாற்றுவதும்தான். இரண்டாவது அறுவுரையைத் தில்லிவாசியிடம் சொல்லும்போது ஒரு கசப்பு கலந்துவிடுகிறது. நவம்பர் மாதத்தில் வெளிக்காற்றின் நுண்துகளுக்கு அஞ்சித்தான் அவர் கண்ணாடியை ஏற்றி, உள்காற்றையே சுழலவிடும் பொத்தானை அழுத்துகிறார். 'ஸ்லோ மர்டர்' காலத்தில் காரின் நஞ்சு புகைக்குழாய்க்கு வெளியே இருந்தது; காருக்குள் இருந்தவர் தம்மைப் பாதுகாப்பாக உணர்ந்தார். இப்போது அவர் எந்தப் பக்கம் திரும்புவது?

இந்தியச் சட்டத்திலும் இதே வகையான இடைவெளிகள் உள்ளன. 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், பி.பி.டி.இ. என்னும் புரோமின் வகைத் தீத்தடுப்புப் பொருள்களுக்கு வரம்பு விதித்தன. ஆனால் அவை கணினிக்கும் தொலைக்காட்சிக்கும் பொருந்துபவை. கார் இருக்கைக்கு அன்று. நிலைத்த கரிம மாசுகள் பற்றிய 2018ஆம் ஆண்டு விதிகள் ஏழு வேதிப்பொருள்களின் உற்பத்தி, வணிகம், பயன்பாடு, இறக்குமதி, ஏற்றுமதி ஆகியவற்றைத் தடைசெய்தன. நுரைமெத்தையில் முன்பு பெருமளவில் கலக்கப்பட்ட பென்டா-பி.டி.இ. அப்பட்டியலில் உண்டு. அதன் இடத்தை உலகச் சந்தையில் பிடித்துக்கொண்ட டி.டி.சி.ஐ.பி.பி., டி.சி.ஐ.பி.பி. ஆகியவை அப்பட்டியலில் இல்லை. இரவு உடையில் நடந்தது பட்டியலிலும் நடந்திருக்கிறது. ஒரு பெயரைத் தடைசெய்தால் அதன் உறவுப்பெயர் வந்து அமர்ந்துகொள்கிறது. தனித்தனிப் பெயர்களைத் துரத்தும் சட்டம் எப்போதும் ஓரடி பின்தங்கியே ஓடும். வேதிப்பொருள்களை வகையாகக் கருதிக் கட்டுப்படுத்துவதும், அவற்றை அழைத்துவந்த தீச்சோதனையையே மறு ஆய்வு செய்வதும் இதற்கான வழிகள்.

அரசின் பொறுப்பு இங்கே கூடுதலானது. 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பாதுகாப்புப் பட்டையாலோ குழந்தை இருக்கையாலோ பிணைக்காமல் வண்டியில் அழைத்துச்செல்பவருக்கு ஆயிரம் ரூபாய் அபராதம் விதிக்கிறது. இது தேவையான சட்டம். விபத்தில் குழந்தையின் உயிரைக் காப்பது அந்த இருக்கை. நஞ்சைப் பற்றிய செய்தியைப் படித்து எவரும் அதைக் கழற்றி எறிந்தால் அதைவிடப் பெரிய தீங்கு இல்லை. மோதலின் ஆபத்து அந்த நொடியிலேயே உயிரைப் பறிப்பது. ஆனால் 'இதில் உன் குழந்தையை அமர்த்து' என்று ஆணையிடும் அரசு, அதற்குள் என்ன நிரப்பப்பட்டிருக்கிறது என்று உற்பத்தியாளரிடம் கேட்கவும் கடமைப்பட்டது. பெற்றோர் விரும்பி வாங்கும் பொம்மைக்கே கட்டாயத் தரம் வந்துவிட்டது. சட்டத்தின் பெயரால் வாங்கும் இருக்கைக்கு அதைவிடக் குறைவான கேள்வி பொருந்தாது.

ஆய்வைப் பரப்புவோருக்கும் இதில் ஒரு நெறி உண்டு. அச்சத்தை மட்டும் பரப்பும் செய்தி இரண்டு நாளில் மறையும். அல்லது தவறான செயலுக்குத் தூண்டும். 'கார் புற்றுநோய் தரும்' என்ற தலைப்பு, ஆபத்துக்கான வாய்ப்பையும் நிறுவப்பட்ட நோயையும் ஒன்றாக்கிவிடுகிறது. அந்த ஆய்வு அளந்தது காற்றில் உள்ள செறிவை. யாருக்கு நோய் வந்தது என்பதை அது அளக்கவில்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லிவிட்டு, அதன் பின்னும் ஏன் கவலைப்பட வேண்டும் என்று விளக்குவதே நேர்மையான பரப்புரை. 2003இல் அறிக்கை நிலைத்து நின்றதற்குக் காரணம் அதன் உரத்த குரல் மட்டுமன்று. நாடாளுமன்றக் குழுவின் சோதனையிலும் குலையாத அளவீடு அதற்குள் இருந்தது.

தமிழ்நாட்டுக்கும் இது தொலைவான செய்தியன்று. சென்னையைச் சுற்றி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் கார்கள் உருவாகின்றன. இருக்கைத் தொழிலில் நுரையை வெட்டித் துணியைத் தைப்போர் அதை நாள் முழுதும் தொடுகிறார்கள். வாடகை கார் ஓட்டுவோர் அதன் மீதே பத்து, பன்னிரண்டு மணி நேரம் அமர்ந்திருக்கிறார்கள். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் பயணம் செய்பவரின் கணக்கு இவர்களுக்குப் பொருந்தாது. பானத்தைக் குடிப்பவரைப் பற்றிப் பேசிய 2003ஆம் ஆண்டு விவாதத்தில், வயலில் பூச்சிக்கொல்லி தெளித்த கூலித் தொழிலாளி பெரிதும் மறைந்துபோனார். அதே மறதி இம்முறையும் நேரக் கூடாது.

எனவே அடுத்து நடக்க வேண்டியதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. சிலிக்கோன் பட்டை விலை மிகுந்த கருவியன்று. தில்லியிலும் சென்னையிலும் கோடையில் ஒரு வாரம், குளிர்காலத்தில் ஒரு வாரம், இந்தியச் சாலைகளில் ஓடும் மாடல்களில் அது தொங்கினால் போதும். இந்தியச் சந்தையில் விற்கும் குழந்தை இருக்கைகளின் நுரை சிறிதளவு ஆய்வகத்துக்குப் போனால் போதும். முடிவுகள் மாடலின் பெயரோடு, தமிழிலும் இந்தியிலும், ஒரு தாய் கடையில் நின்று படித்துப் பார்க்கும் அளவுக்கு எளிய பட்டியலாக வர வேண்டும். அப்பட்டியல் வந்தால் உற்பத்தியாளர் மறுப்பார். அதன் பின் என்ன நடக்கும் என்பதைத் தில்லி ஏற்கெனவே நான்கு முறை பார்த்திருக்கிறது.